தாளிக்காத மக்ரோனி

அந்தப் பங்குனி மாதம் எங்கள் வீட்டில் கடுகு வெடித்தால் போதும், அம்மா வாயைப் பொத்திக்கொண்டு புழக்கடைக்கு ஓடிவிடுவாள். மூன்றாம் வகுப்பில் இருந்த எனக்கு, உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் காலையில், இன்றும் வயிற்றில் ஒன்றும் தங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரமாக அப்பாவின் சமையலைத் தின்று எனக்கும் நாக்கு செத்துப்போயிருந்தது.

அன்று பார்த்து வந்து சேர்ந்தார் அம்மாவின் தம்பி. போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆட்களுக்குச் சமைத்துப்போடுகிற மாமா. பையிலிருந்து ஒரு மக்ரோனிப் பொட்டலத்தை எடுத்தார். உப்புப் போட்டு வேகவைத்து, வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசினார். வெள்ளரிக்காயும் தக்காளியும் பொடியாக அரிந்து போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, மிளகுத்தூள் தூவிக் கிளறினார். அவ்வளவுதான் என்றார்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் மாப்ள, இதென்ன மாட்டுத் தீவனமா? தாளிக்க வேண்டாமா?"

"வேண்டாங்க மாமா. அந்த வாசத்துக்குத்தானுங்க அக்கா ஓடுது. இது லேசா, ஜில்லுனு எறங்கிரும்."

"ஆறிப்போனதத் தின்னா சளி புடிக்குமடா."

தட்டை வைத்துக்கொண்டு நான் ஒருவன் உட்கார்ந்திருப்பது யார் கண்ணிலும் படவில்லை. மாமா கொத்தமல்லி பறிக்க வெளியே போனதும் அப்பா வடச்சட்டியை அடுப்பில் வைத்தார். கடுகு வெடித்தது. அம்மா ஓடினாள். மாமா ஓடிவந்து வடச்சட்டியைத் தூக்கி வாசலில் வைத்தார்.

"உங்களோட ஒரே ரோதனையாப் போச்சுங்க மாமா!"

"என்ற ஊட்ல கடுகு தாளிக்க உன்னயக் கேக்கோணுமா?"

முகத்தைத் துடைத்தபடி அம்மா வந்தாள். "ரெண்டு பேரும் செத்த வெளிய போங்க. உங்க சத்தமே கொமட்டுது."

இருவரும் போனார்கள். அம்மா பாத்திரத்தைப் பக்கத்தில் இழுத்து ஒரு வாய் தின்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய். பிறகு நிறுத்தவே இல்லை. நானும் தட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். பாத்திரம் காலியானது.

"எனக்கு?"

"நாளைக்குச் செஞ்சு தாரேன் சாமி."

வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்த அப்பாவும் மாமாவும், சண்டையை மறந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. பெற்ற பிள்ளையின் பங்கைத் தின்கிற தாயும் உண்டா? அப்பாவின் ரசத்தையே மறுபடி ஊற்றித் தின்றுவிட்டு, அம்மாவோடு பேசாமல் படுத்துக்கொண்டேன். ஐப்பசியில் தங்கையாகப் பிறந்து என் பங்கையெல்லாம் பிடுங்கித் தின்னப்போகிறவள் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?