சனிக்கிழமை நடக்கும், ஜெசிந்தா அக்கா

ஜெசிந்தா அக்கா போயிட்டாங்க.

ஷார்ஜாவுல, காலையில டூட்டிக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலிக்குதுன்னு உட்கார்ந்திருக்காங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள... அவ்வளவுதான். பேப்பர் வேலையெல்லாம் முடிஞ்சு இன்னைக்குத்தான் ஊருக்குக் கொண்டு போறாங்க. அக்கா வீட்டுக்காரர், எங்க அண்ணாச்சியும் அதே பிளைட்ல.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். தூத்துக்குடி பக்கம் சிஸ்டர்மார் நடத்துற ஸ்கூல்ல அக்கா எனக்கு சீனியர். இங்க ஒரு டைல்ஸ் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பார்த்தாங்க. எமிரேட்ஸ்ல சிதறிக் கிடக்கிற எங்க ஸ்கூல் பழைய மாணவிகளை வருஷத்துக்கு ஒருநாள் தன் வீட்டு ஹால்ல உட்கார வெச்சவங்க.

எங்க ஸ்கூல்ல மாதா திருவிழா வாரம் வந்தா அசெம்ப்ளியில ஒரு வழக்கம் உண்டு. பழைய மாணவிகளோட சாதனைகளை சிஸ்டர் வாசிப்பாங்க. டாக்டர், ஜட்ஜ், வெளிநாட்டுல ஆராய்ச்சி... ஒவ்வொரு பேருக்கும் மொத்த ஸ்கூலும் கை தட்டும். என் பேரும் ஒருநாள் வரும்னு நினைச்சுக்கிட்டே நானும் தட்டியிருக்கேன்.

அதை அக்கா அப்படியே ஷார்ஜாவுக்குக் கொண்டு வந்தாங்க. எங்கள்ல பாதிப் பேர் கிறிஸ்டியன் கிடையாது, ஆனா அந்த வாரம் வந்தா எல்லாருக்கும் பரபரப்பு.

ஒரே ஒரு மாத்தம் பண்ணாங்க. தன் சாதனையைத் தானே சொல்லக் கூடாது, இன்னொருத்திதான் சொல்லணும். அதனால வருஷம் பூரா ஒருத்திக்கு ஒருத்தி போன் பண்ணிப் பேசியே ஆகணும். பேசலைன்னா அன்னைக்கு முழிக்கணும்.

முதல் வருஷம் நான் போய்ச் சேரல. கைக்குழந்தையோட துபாய்ல எங்க ஏரியா அல் குசைஸ்ல பஸ் ஏறினேன். பையன் வீறிட்டு அழவும் ரெண்டாவது ஸ்டாப்லயே இறங்கி வீட்டுக்குத் திரும்பிட்டேன்.

அப்போ எனக்கு எல்லாமே பயம். லிஃப்ட் நின்னுடுமோ, பால் புரையேறிடுமோ, வீட்டுக்காரர் கட்டட சைட்ல இருக்கும்போது ஏதாவது ஆயிடுமோ... அக்காவுக்குப் போன் பண்ணி அழுதேன். சரிட்டி, போய்ப் படு, சோறும் கறியும் அனுப்பி வைக்கேன்னாங்க. அண்ணாச்சி அவ்வளவு தூரம் டிரைவ் பண்ணிக் கொண்டு வந்து கொடுத்துட்டுப் போனார்.

அடுத்த வருஷம் போயிட்டேன். என் கிளாஸ்மேட் ரஹ்மத் ரோடு டெஸ்ட்ல திரும்பத் திரும்ப பெயிலாகி, ஒருவழியா லைசென்ஸ் எடுத்ததைப் பக்கத்துல இருந்தவ சொன்னா. ஒரே கைதட்டு.

என் முறை வந்ததும் அக்காவே எழுந்துட்டாங்க. நான் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு, துணைக்கு யாரும் இல்லாம, குசைஸ்ல இருந்து பஸ் ஏறி வந்துட்டேன்னு அறிவிக்கிறாங்க. அதுக்கும் எல்லாரும் தட்டுறாங்க.

எனக்கு முகமே சுண்டிப் போச்சு. இன்ஜினியரிங்ல ரேங்க் வாங்குனவ நான். நேரா கிச்சனுக்குப் போய்ச் சண்டை போட்டேன். ஏன்க்கா மானத்தை வாங்குறீங்க, பஸ் ஏறுறதெல்லாம் ஒரு சாதனையான்னு.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கல. சோத்தைக் கிளறிக்கிட்டே, "போன வருஷம் ரெண்டாவது ஸ்டாப்புல இறங்குனவ யாருட்டி? நானா?"ன்னாங்க.

சிரிச்சுட்டேன். வேற என்ன பண்ண...

அந்த வருஷமே ஊர்ல சிஸ்டர் எங்க சாதனைகளையும் அசெம்ப்ளிக்காகக் கேட்டிருக்காங்க. எழுதச் சோம்பல்பட்டு அக்கா வாய்ஸ் நோட் அனுப்பிட்டாங்க. சிஸ்டரும் முன்னாடியே கேட்டுப் பார்க்காம போனை மைக் கிட்ட வெச்சு பிளே பண்ணிட்டாங்க.

"நம்ம ரஹ்மத்து லைசென்ஸ் எடுத்துட்டா சிஸ்டர். இனிமே துபாய்க்காரங்கதான் பாத்துப் போவணும்." கிரவுண்ட் முழுக்க அக்கா குரல்.

பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கிற வீடியோ எங்க குரூப்புக்கு வந்துச்சு. ஜட்ஜ் அம்மாவை விடத் தனக்குத்தான் கைதட்டு ஜாஸ்தின்னு ரஹ்மத் இன்னும் சொல்லிட்டுத் திரியறா.

இந்த வருஷக் கூட்டம் வர்ற சனிக்கிழமை. குரூப்ல ஆளாளுக்கு வேண்டாம்னாங்க. அக்கா இல்லாம எப்படி, எந்த வீட்டுல, யாரு சமைக்கிறது... இந்த வருஷம் விட்டுடலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்னு முடிவாகிற மாதிரி இருந்துச்சு.

அடுத்த வருஷம் நடக்காது. ஒரு தடவை விட்டா, அதுக்கப்புறம் யாரும் யாருக்கும் போன் பண்ண மாட்டோம். எனக்குத் தெரியும்.

அதனால போட்டுட்டேன். சனிக்கிழமை நடக்கும், எங்க வீட்டுல. அனுப்பிட்டு போனைக் கவுத்து வெச்சுட்டேன்.

ஒரு பெட்ரூம் வீடு. இத்தனை பேருக்கு நான் சமைச்சதே இல்லை. எல்லாரும் எங்க உட்காருவாங்கன்னு இவர் கேட்டார். கட்டிலைக் கழட்டிச் சுவரோட சாத்திடலாம்னேன். உடனே ஸ்பானர் தேடப் போயிட்டார்.

பையன் தூங்கின பிறகு ரஹ்மத் பேசினா. ஷார்ஜாவுல இருக்கிறவங்களைக் கார்ல ஏத்திட்டு வர்றது அவ பொறுப்பாம். போனை வைக்கப் போனவ சட்டுன்னு கேட்டா, "அக்காவோட சாதனையை யாருமே சொன்னதில்லைல்ல?"

ஆமா, சொன்னதே இல்லை. அவங்க முறை வந்தா மட்டும் டீ போடணும்னு எழுந்து போயிடுவாங்க.

இந்த வருஷம் முதல் பேர் அவங்களோடதுதான். வர்றவங்க எல்லாரும் அக்கா செஞ்சதுல ஆளுக்கு ஒண்ணு சொல்லணும். பெரிய விஷயமா இருக்கணும்னு இல்லை.

வர முடியாதவங்க கீழே கமெண்ட்ல எழுதுங்க, நான் வாசிக்கிறேன். நாலு பேர் முன்னாடி நின்னா எனக்குக் குரலே வராது... எப்படியாவது வாசிச்சுடுவேன்.

சாயங்காலம் நாலு மணி. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க.

போயிட்டு வாங்க அக்கா. டீ நாங்க போட்டுக்கறோம்.