எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்

இரண்டாவது தடவையும் என் இதயத்துக்குள் கம்பி விட்டுச் சுட்டபிறகு, புதுச்சேரி மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இனிமே நீங்க ஓடலாம், ஆடலாம் டீச்சர்.” ஓடவும் வேண்டாம், ஆடவும் வேண்டாம், ஒரு இடத்தில் நிற்க முடிந்தால் போதும் என்று நான் ஏங்கப்போவது அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் விருத்தாசலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. கரும்பலகையில் எழுதும்போதோ, குழம்புக்குத் தாளிக்கும்போதோ, யாரோ சுவிட்சைத் தட்டியதுபோல இதயம் தறிகெட்டு ஓட ஆரம்பிக்கும். கொஞ்ச நேரம் கழித்து அதே மாதிரி சட்டென்று அடங்கும். இதயத்தில் மின்சாரம் போகிற பாதையோடு பிறவியிலேயே ஒரு குறுக்குவழியும் இருக்கிறது, அதைச் சுட்டு அடைத்துவிடலாம் என்றார்கள். தொடை இடுக்கில் துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாகக் கம்பியை ஏற்றி, நான் விழித்திருக்கும்போதே சுட்டார்கள். சில மாதத்தில் குறுக்குவழி மறுபடி திறந்துகொண்டது. மறுபடி போனேன். மறுபடி சுட்டார்கள்.

வீட்டுக்கு வந்து படுத்ததும் ஆப்பிளோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டு அக்காதான் முதலில்.

“எங்க, ஆப்பரேஷன் பண்ண எடத்தக் காட்டு.”

“காட்ட முடியாதுக்கா. தொடை இடுக்குல.”

“நோவு நெஞ்சுலன்னுதான சொன்னாங்க? தொடையில எதுக்குப் பண்ணாங்க? நல்லா விசாரிச்சீங்களா?”

எனக்கு இடம் மாற்றி ஆப்பரேஷன் செய்துவிட்டார்கள் என்று தெருவில் கொஞ்ச நாள் பேச்சு ஓடியது. கறுத்துக் கன்றிப்போன தொடையோடு நான் படுத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ரத்தக்குழாய்ப் பாடம் நடத்தினேன். சம்பளமில்லாத வகுப்பு.

காயம் ஆறியது. ஒருநாள் காலையில் மாடியில் துணி உலர்த்தக் குனிந்து நிமிர்ந்தேன். இதயம் மறுபடி தறிகெட்டு அடிக்கத் தொடங்கியது. ஆனால் இது பழைய மாதிரி இல்லை. படிப்படியாக ஏறியது. கண் ஓரங்களில் கறுப்பு கட்டியது, காது அடைத்தது, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் குறைந்தது. எழுந்தேன், ஏறியது. மறுபடி உட்கார்ந்தேன்.

ஊரிலேயே ஒரு டாக்டரைப் பார்த்தோம். இசிஜி எடுத்தார். என்னைப் படுக்கவைத்துத்தான் எடுத்தார். படுத்தால் எனக்கு ஒன்றுமே இல்லையே! தாளைப் பார்த்துவிட்டு, “எல்லாம் நார்மல். வீட்டுல ஏதாவது பிரச்சனையாம்மா?” என்றார்.

“வீட்ல ஒண்ணும் இல்லைங்க. எந்திரிச்சி நின்னா வருது.”

“டென்ஷன்தான். மனச ரிலாக்ஸா வச்சிக்கங்க.”

தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒருவனுக்கு இதயம் அடித்துக்கொண்டால் நோய், ஒருத்திக்கு அடித்துக்கொண்டால் டென்ஷன். வெளியே வந்ததும் என் கணவரிடம் கத்தினேன். அவர் தொழிற்பேட்டையில் பீங்கான் ஃப்யூஸ் செய்கிற பட்டறையில் சூளை பார்க்கிறவர். நிதானமான மனிதர். “டாக்டர் சொல்றாருல்ல, கொஞ்சம் ரிலாக்ஸாதான் இரேன்” என்றார். அன்றைக்கு அவரோடு அப்புறம் நான் பேசவில்லை.

கடைசியில் மறுபடி புதுச்சேரிக்கே போனோம். பழைய டாக்டர் ஊரில் இல்லை. ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. கட்டிலில் படுக்கவைத்து நாடி பார்த்தார். பிறகு சுவரோரமாக நிற்கவைத்து, பேச்சுக் கொடுக்காமல், நகரவிடாமல், கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நின்றுகொண்டிருக்கும்போதே என் நாடி ஏறத்தாழ இரண்டு மடங்கானது. கால் இரண்டும் செங்காவி நிறத்துக்கு வந்துவிட்டன.

“ஒக்காருங்க, ஒக்காருங்க. போதும்” என்றார் அவசரமாக. “உங்களுக்கு டென்ஷன் இல்லை. இதயமும் நல்லா இருக்குது. அதுக்கு ஆர்டர் போடற நரம்புங்கதான் கொழம்பிப்போய் இருக்குது. நின்னா ரத்தமெல்லாம் காலுக்கு எறங்குது. மேல ஏத்தறதுக்கு இதயம் ஓடுது.”

தன்னியக்க நரம்பு மண்டலம். வருஷா வருஷம் நான் படம் போட்டு நடத்துகிற பாடம். நம்மைக் கேட்காமலே வேலை செய்யும் நரம்புகள் என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்வேன். கேட்காமலே வேலையை நிறுத்தவும் செய்யும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

“எப்ப சரியாவும் டாக்டர்?”

“கொஞ்சங் கொஞ்சமா. சில பேருக்கு மாசக்கணக்கு, சில பேருக்கு அதுக்கும் மேல.” பிறகு, உப்பு அதிகம் சாப்பிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், இடுப்பு வரை இறுக்கமான காலுறை போடுங்கள், மயக்கம் வந்தால் படுத்துக் காலைத் தூக்கி வையுங்கள் என்றார்.

உப்பில்தான் வீட்டில் சண்டை தொடங்கியது. என் மாமியாருக்கு ரத்தக் கொதிப்பு. எங்கள் வீட்டுச் சமையலில் உப்பு என்பது பேருக்குத்தான். நான் மோரில் ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கியதைப் பார்த்து அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“ஏம்மா, இவ்ளோ உப்பு தின்னா பிரஷர் ஏறிடாது?”

“எனக்கு ஏறணும் அத்தை. அதுக்குத்தான் குடிக்கிறேன்.”

“எந்த டாக்டராவது உப்பு திங்கச் சொல்லுவானா? ஒனக்குக் காது சரியாக் கேட்டுச்சா?”

மறுநாள் உப்பு ஜாடியைக் காணோம். ஒளித்துவைத்திருந்தார். என் மேல் உள்ள அக்கறையில்தான், எனக்குத் தெரியும். அக்கறையோடு எப்படிச் சண்டை போடுவது? நான் ஒரு பாக்கெட் உப்பு வாங்கி என் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டேன்.

காலுறை இன்னொரு கதை. விருத்தாசலத்து வெயிலில் சும்மா நடந்தாலே உடம்பு வேகும். அதில் இடுப்பு வரை ரப்பர் மாதிரி ஒன்றை மாட்டி, மேலே பாவாடை, புடவை. அதை நான் தனியாக மாட்டவும் முடியாது. காலையில் நான் கட்டிலில் படுத்துக் காலைத் தூக்க, கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார்.

“சூளைக்கு லோடு ஏத்தறது இதுக்குத் தேவல” என்பார். சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

பள்ளிக்குத் திரும்பினேன். சுதந்திர தினம் வந்தது. மைதானத்தில் வெயிலில் நிற்க முடியாது என்று தலைமையாசிரியையிடம் முன்கூட்டியே சொல்லி, ஆசிரியர் வரிசையின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கணவர் என்னை விட்டுவிட்டு, விழா முடியட்டும் என்று கேட் அருகே நின்றார். கொடி ஏறப்போகிற நேரம். பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்காரர் ஒருவர் என் அருகே வந்து குனிந்தார்.

“என்னா டீச்சர், கொடிக்குக்கூட எந்திரிக்க மாட்டீங்களா? புள்ளைங்க பாக்குதுங்க.”

“ஒடம்பு சரியில்லைங்க. நிக்க முடியாது.”

“நல்லாத்தான இருக்கீங்க?”

நல்லாத்தான் இருக்கிறேன். அதுதான் பிரச்சனையே. கட்டுப் போட்டிருந்தாலோ, கைத்தடி வைத்திருந்தாலோ கேட்டிருக்க மாட்டார். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கமும் கோபமும் சேர்ந்து, நான் எழுந்து நின்றேன். கொடி அவிழ்ந்து பூ கொட்டியதைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

கண் விழித்தபோது மண்ணில் கிடந்தேன். தலை தெளிவாக இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தால் போதும். விடுவார்களா? “தூக்குங்க, தூக்குங்க” என்று தூக்கி நாற்காலியில் நிமிர்த்தி வைத்தார்கள். யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். யாரோ சோடாவை முகத்தில் அடித்தார்கள். “படுக்க விடுங்க” என்றேன். குரல் வரவில்லை. நாற்காலியிலேயே மறுபடி மயங்கினேன். மறுபடி நிமிர்த்தினார்கள்.

கணவர் ஓடிவந்தார். நிதானமான அந்த மனிதர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. “கைய எடுங்கய்யா எல்லாரும்! அவள எதுக்குக் குந்த வைக்கிறீங்க?” என்னைத் தரையில் கிடத்தி, நாற்காலியை இழுத்து, என் கால்களைத் தூக்கி அதன்மேல் வைத்தார். ரத்தம் தலைக்குத் திரும்புவது எனக்கே தெரிந்தது.

கழகத்துக்காரரின் குரல் கேட்டது. “சார், காலு கொடிக்கு நேரா இருக்குது சார்.”

என் கணவர் அவரை ஒருமுறை பார்த்தார். நாற்காலியை இழுத்து, என்னையும் இழுத்து, வேறு பக்கமாகத் திருப்பிப் போட்டார். முழுப் பள்ளிக்கூடமும் சுற்றி நிற்க, பூந்தொட்டியை மாற்றிவைப்பதுபோல என்னைத் திருப்பினார்.

மறுநாளே நான் மாசமாக இருக்கிறேன் என்று செய்தி பரவியது. நாற்பத்திரண்டு வயதில். ஒரு டீச்சர் வாழ்த்தே சொல்லிவிட்டார்.

தலைமையாசிரியை கூப்பிட்டுப் பரிவாகப் பேசினார். “பேசாம நீங்க லீவு எடுத்துக்கங்களேன். முழுசாச் சரியானதும் வாங்க.”

“முழுசா எப்ப சரியாவும்னு டாக்டருக்கே தெரியலைங்க மேடம். எனக்கு லீவு வேணாம். ஒக்காந்து நடத்தறேன். ஒயரமா ஒரு ஸ்டூலு போதும்.”

“மத்த டீச்சருங்களும் கேப்பாங்களே.”

“கேட்டாக் குடுங்க மேடம். நின்னுக்கிட்டு நடத்துனாத்தான் பாடம் ஏறும்னு யாரு சொன்னா?”

கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன்.  அவர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு உயர ஸ்டூலை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அன்றிலிருந்து உட்கார்ந்துதான் நடத்துகிறேன். பலகையில் எழுத வேண்டியதைப் பிள்ளைகள் முறை வைத்து எழுதுகிறார்கள். எழுத்துப் பிழை தாங்க முடியவில்லை.

இப்போது முன்னைக்குப் பரவாயில்லை. மாமியார் ஒருமுறை என்னோடு புதுச்சேரிக்கு வந்து, அந்தப் பெண் டாக்டரின் வாயாலேயே உப்பு என்று கேட்டுக்கொண்டார். அப்போதும் “சின்னப் பொண்ணா இருக்குதே” என்றுதான் சொன்னார். நல்ல நாள் உண்டு, பல் விளக்கும் நேரம்கூட நிற்க முடியாத நாளும் உண்டு. எது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. “இன்னும் சரியாகலையா?” என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டேன்.

போன வாரம் விழுப்புரத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கினேன். மேம்பாலப் படியில் பாதி ஏறியதும் கண்ணில் கறுப்பு கட்டியது. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். கொய்யாக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா பின்னாலேயே ஏறி வந்தாள்.

“இன்னாம்மா, வழியில குந்திட்ட? ஏந்து போ.”

“எந்திரிச்சா வுழுந்துடுவேங்க.”

“அப்ப குந்து” என்றாள். ஏன் என்று கேட்கவில்லை, மருந்து சொல்லவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனாள்.