அக்கா தனக்குத் தானே சமைத்து வைத்த பத்தியம்

அக்காவின் முப்பத்தோராம் நாளான இன்று இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் டீப் பிரீசர் கதை வரும். அதை எழுத வேண்டாம் என்று மூன்று பேர் சொன்னார்கள். ஒருவர் கெஞ்சினார், ஒருவர் அதட்டினார். மூன்றாமவரான எங்கள் சித்தி, "செத்த வீட்டில பழசைக் கிளறாதை பிள்ளை" என்றார். அக்கா இருந்த காலம் முழுக்க அதைக் கிளறவேயில்லை. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அக்கா பிறந்தது பருத்தித்துறைக்குப் பக்கத்தில். எங்களைப் பெற்ற ஐயா காலமானபோது அவருக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பத்து. கொழும்புக்கு வந்து கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளாக்காகச் சேர்ந்தார். அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பினார், என்னைக் கூப்பிட்டுப் படிப்பித்தார். கொட்டாஞ்சேனையில் மருந்துக்கடையில் வேலை செய்த அத்தானைக் கலியாணம் செய்த பிறகும் என்னை விடுதிக்கு அனுப்பவில்லை. வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் போனால் அலுமாரிக் கண்ணாடி ஆடும் ஒரு மேல்மாடி வீட்டில் மூவரும் இருந்தோம். வீட்டில் இருப்பவர்களைத் தமிழர் பொலிஸில் பதிய வேண்டிய காலம் அது; அந்தப் பட்டியலிலும் எங்கள் மூன்று பெயர்கள்தான்.

கலியாணமாகி ஏழு வருடத்துக்குப் பிறகு அக்காவுக்குப் பிள்ளை தங்கியது. அப்போது சண்டையால் யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டிக் கிடந்தது. கொழும்புக்கு வர அம்மா பாஸ் கேட்டு நடந்து நடந்து கால் வீங்கியதுதான் மிச்சம். பிள்ளை பெற்றவளுக்கு முப்பத்தொரு நாளும் சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? அத்தான் காலையில் போனால் பொழுது படத்தான் வருவார். எனக்கோ கணக்கியல் சோதனை அந்த மாதமே. இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த சித்தியிடம் அக்கா போய்க் கேட்டார். "எங்கட வீட்டிலயும் ஆக்கள் வந்து நிக்கினம், பாப்பம்" என்றார் சித்தி. பார்ப்போம் என்றால் என்னவென்று உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா அழவில்லை. கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸியிடம், "சமைத்து ஐஸில் வைத்துச் சாப்பிடலாமா?" என்று கேட்டார். அந்தச் சிங்களப் பெண், "நல்லாகச் செய்யலாம், ஆறவைத்துக் கட்டு, ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைக்காதே" என்று விளக்கமாகச் சொல்லி அனுப்பினார். மூடப்போகிற ஒரு கடையிலிருந்து அத்தான் பழைய டீப் பிரீசர் ஒன்றை வாங்கி வந்தார். நாலு பேர் மூச்சு வாங்க அதை மேலே ஏற்றினார்கள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். எட்டு மாத வயிற்றோடு அக்கா மிளகு, மல்லி, சீரகம், வேர்க்கொம்பு வறுத்தார், உள்ளி உரித்தார். சின்ன மீனும் கோழியும் தனித்தனியாக வைத்தார். தேங்காய்ப்பால் உருகும்போது திரிந்துவிடும் என்று எதற்கும் பால் விடவில்லை. ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு பை, பொலித்தீனில் தட்டையாகக் கட்டி அடுக்கினார். நாளுக்கு இரண்டாக அறுபத்திரண்டு பைகள். துண்டு எழுதி ஒட்டியது நான். முதல் நாள் மதியத்துக்கு "1ம", இரவுக்கு "1இ" என்று முப்பத்தொன்று வரை எழுதினேன். கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு!

சேதி ஒழுங்கை முழுக்கப் பரவியது. சித்தி மாடியேறி வந்தார்.

"எடியே, பிள்ளை பிறக்க முதல் ஆராவது பத்தியம் சமைப்பினமோ? அபசகுனம். அதுவும் ஐஸ் பெட்டிக்குள்ள! குழந்தைக்குச் சளி பிடிக்கப் போகுது."

"அப்ப நீங்கள் வந்து சமைச்சுத் தாங்கோ சித்தி. இதெல்லாத்தையும் நான் இப்பவே கொட்டிவிடுறன்" என்றார் அக்கா.

சித்தி தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை பொலிஸார் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். வீட்டுக்குள் வந்த அதிகாரியின் கையில் எங்கள் பட்டியல். அவர் டீப் பிரீசரைத் திறந்தார். பைகளை எடுத்து நிலத்தில் போட்டார். நான் எழுதிய துண்டுகளைப் பார்த்தார்.

"மே ஒக்கொம காட்டத?" இதெல்லாம் யாருக்கு என்று கேட்டார்.

"மட்ட, மஹத்தயா." எனக்குத்தான் என்றார் அக்கா.

அவர் சிரித்தார். மூன்று பேர் வீட்டில், ஒரு பெண்ணுக்கு அறுபத்திரண்டு பை. ஒவ்வொன்றிலும் இலக்கமும் ஓர் எழுத்தும். யாரையோ ஒளித்து வைத்துச் சாப்பாடு போடுகிறீர்கள், இந்த இலக்கங்கள் அவர்களுக்குச் சாப்பாடு போகும் முறை என்றார். அக்கா வயிற்றைத் தொட்டுக் காட்டி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பத்தியம் என்றால் என்ன என்று சொல்லிப் பார்த்தார். தான் நினைத்தது சரிதானா என்று அதிகாரிக்கும் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரரை அனுப்பி, அந்தப் பகுதியில் எங்களுக்கு உறவினர் யாராவது இருந்தால் கூட்டிவரச் சொன்னார்.

சித்தி வந்தார். அவரைக் கண்டதும் அக்காவின் முகம் தெளிந்தது. அதை நான் கண்ணால் கண்டேன், அதனால்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"அம்மா, பிள்ளை பிறக்க முதலே பத்தியச் சாப்பாடு சமைச்சு வைக்கிறது உங்கட ஆக்களிட்ட வழக்கமோ?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

சித்தி எங்களைப் பார்க்கவில்லை. "இல்லை, எங்கட வழக்கத்தில அப்படி இல்லை" என்றார்.

அவ்வளவுதான். அத்தானை ஜீப்பில் ஏற்றினார்கள். சித்தி பயந்துவிட்டார், அவருக்கும் வளர்ந்த இரண்டு ஆண் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். பயம் எல்லோருக்கும் இருந்தது. "அவள் கேட்டவள், எனக்கு வர ஏலாமல் போச்சு, அதுதான் சமைச்சு வைச்சவள்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் சொன்னால் தன் பிள்ளைகளை ஏன் பிடிக்கப் போகிறார்கள்? பயம் பொலிஸுக்கு அல்ல, தான் வர மறுத்தது நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்பதற்கு என்று இத்தனை வருடமும் நினைத்து வயிறு எரிந்திருக்கிறேன்.

போகும்போது யாரோ பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்தபடி விட்டிருந்தார்கள். அக்கா நிலத்தில் இருந்து பைகளைத் தரம் பிரித்தார். கல்லாக இருந்ததை உள்ளே வைத்தார், இளகியதை அடுப்பில் ஏற்றினார். அன்று பின்னேரமே சாப்பாட்டுக் கரியரில் கட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். வாசலில் நின்றவர், முதலில் நீ தின்று காட்டு என்றார். நிறைமாதக் கர்ப்பிணி நடு ரோட்டில் நின்று, சோற்றில் ஒரு வாய், கறியில் ஒரு வாய் தின்று காட்டினார். ஒரு நாள் அல்ல, ஒவ்வொரு நாளும்!

அத்தானோடு அடைபட்டிருந்த ஆறு பொடியளுக்குக் கொழும்பில் ஒருவரும் இல்லை. அதை அறிந்த நாளிலிருந்து அக்கா ஏழு பேருக்குக் கொண்டுபோனார். வீட்டில் இல்லாத யாருக்கோ சாப்பாடு போடுகிறாய் என்று பிடித்துக்கொண்டு போனவர்கள், கடைசியில் அதைத்தான் செய்ய வைத்தார்கள். ஆறாம் நாள் அந்த வாசலிலேயே அக்காவுக்கு வயிற்று நோ கண்டது. திரீவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பெண் குழந்தை. அதற்குப் பிறகு கரியரைத் தூக்கியது நான். அக்கா வீட்டுக்கு வந்த அன்று கடைசிப் பையும் முடிந்திருந்தது.

குழந்தை பார்க்க வருவது கிடக்கட்டும், எங்கள் படியில் ஒரு சொந்தக்காரரின் கால் படவில்லை. நான் அவித்த பருப்பு அடிப்பிடித்தது. பிள்ளை பெற்ற உடம்புக்கு அக்கா பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றார். குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ்ஸி அதைக் கண்டு, நீ சமைத்து வைத்ததெல்லாம் எங்கே என்று கேட்டார். நான் சொன்னேன். அந்த மனிசி கதிரையில் இருக்கவுமில்லை, தண்ணீர் குடிக்கவுமில்லை. யூனிபோமோடு, அக்காவின் விவரம் எழுதிய கிளினிக் கொப்பியோடு, நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். அதிகாரியின் மேசையில் கொப்பியைப் போட்டு, "மம தமய் கிவ்வே" என்றார். நான்தான் செய்யச் சொன்னேன், என்னையும் பிடி என்றார். அடுத்த நாள் மத்தியானம் அத்தான் வந்து சேர்ந்தார், பதினைந்தாம் நாள்.

பாதை திறந்தபின் அம்மா வந்தார். அக்கா கந்தோரில் படிப்படியாக உயர்ந்தார், மகளை டொக்டராக்கினார், பிறகு அத்தானைப் பறிகொடுத்தார். சித்தியின் மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது, கந்தோருக்கு லீவு போட்டு, முப்பத்தொரு நாளும் பத்தியம் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். உனக்கு ரோசமே இல்லையா என்று நான் சண்டை பிடித்தேன். "அவள் என்ன செய்தவள்? பிள்ளை பெத்தவள்தானே" என்றார். போன மாதம், ஒரு வாரம் மட்டும் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒருவரையும் கரைச்சல் படுத்தாமல் கண்ணை மூடினார்.

இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்களுக்கும், இந்த முப்பத்தொரு நாளும் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சாப்பாடு கொண்டுவந்து தந்தவர்களுக்கும், தினமும் வந்து நின்ற சித்தியின் மகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எங்கே இருக்கிறார் என்றே தெரியாத அந்த மிஸ்ஸிக்கு என் நன்றி தனியானது.

சித்தி, நீங்கள் அன்றைக்குச் சொன்னது பொய் இல்லை. தன் பத்தியத்தைத் தானே சமைத்து வைப்பது எங்கட வழக்கத்தில் இல்லைத்தான். எங்கட வழக்கத்தில் அம்மா இல்லாவிட்டால் சித்திதான் வந்து சமைப்பா.

தங்கை