காலிக் கட்டம் பொறுக்காதவர்

காலையில் பாத்திரம் துலக்குவது வேடியப்பன்தான். ராத்திரிக் குழம்புச் சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, திருப்தி வந்தால்தான் கவிழ்ப்பார். பிறகு லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு, சர்க்கரை பார்க்கும் மிஷினோடு மனைவியைத் தேடிப் புறப்படுவார். மணிமேகலை அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்பக்கம் போய்விடுவார். "வெரலக் குடு மேகலா. ஒரே குத்துதான்." எதிர்வீட்டில் இருக்கும் எங்களுக்கு இது கோழி கூவுவது மாதிரி.

வாரம் ஒருமுறை பார்த்தால் போதும் என்று டாக்டர் சொல்லி வருடமாகிறது. மாத்திரையில் எல்லாம் கட்டுக்குள்தான் இருக்கிறது. வேடியப்பனுக்கு அது போதாது. பாலக்கோட்டுப் பக்கம் ஒரு துணை மின்நிலையத்தில் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மணிக்கொரு முறை மீட்டர் பார்த்துக் கட்டத்தில் எழுதுகிற வேலை. கரண்ட் போயிருந்தால் பூஜ்யம் போட வேண்டும். காலியாக மட்டும் விடக்கூடாது. "காலியா வுட்டா டூட்டில இருந்தவன் தூங்கிட்டான்னு அர்த்தங்க" என்பார். பணிக்காலம் முழுக்க ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை என்பதில் அவருக்கு வீடு கட்டியதைவிடப் பெருமை.

ஓசூரில் வேலை பார்க்கும் மகள் சோபனா, தான் கழித்துப்போட்ட லேப்டாப்பில் அவருக்கு எக்செல் கற்றுக்கொடுத்ததுதான் வினை. தேதி ஒரு பக்கம், சர்க்கரை அளவு ஒரு பக்கம். தட்டினால் கோடு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் கோடு வாட்ஸ்அப்பில் மகளுக்குப் போகும். எங்களுக்கும் வரும். பால்காரருக்கும் வருவதாகக் கேள்வி.

போன மாதம் மணிமேகலையின் தங்கை செல்லியின் பேரனுக்குத் தீர்த்தமலையில் காதுகுத்து. மணிமேகலை போய்ச் சில நாள் தங்கிவிட்டு வந்தார். மிஷினை எடுத்துப்போகவில்லை. வேடியப்பன் அத்தனை நாளுக்கும் வரிசையாகப் பூஜ்யம் அடித்தார். சீராக ஓடிக்கொண்டிருந்த கோடு கிணற்றில் குதித்த மாதிரி விழுந்து, அடியிலேயே கிடந்து, பிறகு எழுந்து வந்தது. ஞாயிறன்று படம் மகளுக்குப் போனது, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல். அவள் பதறி ஃபோன் போட்டால், அப்பா ஃபோனை சார்ஜில் விட்டுவிட்டுத் தக்காளி வாங்கப் போயிருந்தார். அம்மாவின் ஃபோன் எந்தப் பையிலோ அணைந்து கிடந்தது. கிடைத்த பஸ்ஸில் ஏறி மதியம் வந்து இறங்கினாள். அம்மா வாசலில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

அன்றைய பேச்சு எங்கள் வீடுவரை கேட்டது. சர்க்கரை பூஜ்யம் என்றால் ஆளே இல்லை என்று அர்த்தம், பார்க்காமல் விட்டது வேறு என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். ரீடிங் இல்லை, அதனால் பூஜ்யம் என்று அவர் நின்ற இடத்திலேயே நின்றார். மணிமேகலைதான் மடியிலிருந்த தோலை உதறிவிட்டுக் கேட்டார்: "நான் அங்க கறிச்சோறு தின்னுட்டு நல்லாத்தான இருந்தன்? என்னை எதுக்குங்க சாவடிச்சீங்க?"

சோபனா பூஜ்யங்களை அழித்தாள். கோடு அறுந்து, நடுவில் வெள்ளையாக ஓர் இடைவெளி நின்றது. வேடியப்பனின் முகம் சுண்டிவிட்டது. டூட்டியில் தான் தூங்கிவிட்டது போல் இருக்கிறதே என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு வழியும் காட்டினாள்: காலிக் கட்டங்களைத் தாண்டி இரு முனைகளையும் கோட்டாலேயே இணைத்துவிடுவது. கிளம்பின நாளுக்கும் திரும்பின நாளுக்கும் நடுவே ஒரே நேர்க்கோடு. மணிமேகலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப நான் தீர்த்தமலைக்குப் போவவே இல்லைங்களா?"

இப்போது செல்லிக்குக் கண் ஆபரேஷன். கூட இருக்க அக்காதான் போக வேண்டும். இந்த முறை மிஷினும் போகட்டும், தினமும் காலையில் ஃபோனில் அளவைச் சொல்லட்டும் என்று வேடியப்பன் ஒற்றைக்காலில் நிற்கிறார். கோடுதான் தானாக இணைந்துவிடுமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அது பார்க்காத ரீடிங்குங்க. டூட்டில அப்படி எழுதியிருந்தா என்னை வூட்டுக்கு அனுப்பியிருப்பாங்க" என்றார். மணிமேகலை என்னிடம் விரல்களை விரித்துக் காட்டினார். நுனியெல்லாம் கரும்புள்ளி, பூண்டு உரித்தால் எரிகிறதாம். "அங்கயாவது நாலு நாளைக்கு என் வெரலு சும்மா கெடக்கட்டும்."

நேற்று அவர் கிளம்பும்போது, குழம்பு வாங்கின தூக்குப்போசியைத் திருப்பிக் கொடுக்க நான் போயிருந்தேன். கூடத்தில் லேப்டாப் திறந்திருந்தது. வரப்போகிற தேதிகளை வேடியப்பன் முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார். பக்கத்துக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. பையைத் தூக்கின மணிமேகலை அதை மறுபடி இறக்கி, உள்ளே அடுக்கியிருந்த புடவை மடிப்புக்குள் கைவிட்டு, யாரோ செருகியிருந்த மிஷினை உருவி எடுத்தார். லேப்டாப்பின் மேல் வைத்தார்.

"அப்ப இந்த நாளுக்கெல்லாம் நான் என்னாத்தப் போடறது மேகலா?"

மணிமேகலை மாத்திரை டப்பாவை அவர் கண்ணில் படும்படி ஒருமுறை தூக்கிக் காட்டி, பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு கூடத்தை விட்டு வெளியே போனார்.