பச்சை ஜீப்புக்குத் துரு வைத்தவன்

காளிராஜுக்குப் பகலில் ஒரு வேலை, விடிகாலையில் அதற்கு நேர் எதிரான வேலை. ராமநாதபுரம் பைபாஸ் ஓரத்தில் அவனுக்கு டிங்கரிங் பட்டறை இருக்கிறது. உப்புக்காற்றில் அரித்துப்போன கார், வேன், ஸ்கூட்டி எல்லாம் அங்கே வரும். துருவைச் சுரண்டி, ஓட்டையை அடைக்கப் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்துப் புதுசாக்கி அனுப்புவான். பட்டறையைத் திறப்பதற்கு முன்னால், காலை ஆறிலிருந்து எட்டு வரை, வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தம்புது பிளாஸ்டிக் பொம்மை வண்டிகளுக்குத் துரு வைப்பான்.

"ஊரு உலகத்துல துருவ எடுக்கத்தான் ஆளத் தேடுவாக. நீங்க என்னடான்னா..." என்று அவன் மனைவி ஈஸ்வரி ஆரம்பிப்பாள், முடிக்க மாட்டாள். இந்த வேலை தனக்கு ஏன் பிடித்திருக்கிறது என்று அவனுக்கே விளங்கவில்லை.

ஆரம்பித்தது நாலு வருஷத்துக்கு முன்னால். கீழக்கரை வாவு முகம்மது துபாயிலிருந்து மகனுக்கு வாங்கிவந்த ஒரு பெட்டியைக் கார் டிக்கியிலேயே மறந்துவிட்டுப் பட்டறையில் வண்டியை விட்டிருந்தார். எடுத்துக் கொடுத்தபோது, "அவன் செல்போன விட்டுத் தலையத் தூக்க மாட்டேங்குறான். நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டார். உள்ளே துண்டு துண்டாக, ஒட்டிச் சேர்க்கிற ஒரு பொம்மை விமானம். ஒட்டி முடித்தான். பெயிண்டர் என்ற திமிரில் காருக்கு அடிக்கிற பெயிண்டையே தின்னர் கலந்து அடித்தான். றெக்கை இளகி அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. இருபது வருஷ அனுபவத்தை ஒரு சாண் பிளாஸ்டிக் கேலி செய்ததை அவனால் பொறுக்க முடியவில்லை. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் இறங்கவில்லை.

இதற்கென்று ஊசிமுனைப் பிரஷ், குட்டிக் காற்றுத் துப்பாக்கி எல்லாம் உண்டு என்று யூடியூப்பில் பார்த்தான். அவனிடம் இருந்ததோ ஈஸ்வரி கழித்துப்போட்ட டூத் பிரஷ், பாத்திரம் தேய்க்கிற பஞ்சில் ஒரு கிள்ளு, காது குடைகிற பட்ஸ், ஸ்டேஷனரிக் கடை அக்ரிலிக் பெயிண்ட், அவ்வளவுதான். பஞ்சை அரக்குக் கலரில் தொட்டு, முக்கால்வாசியைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கதவோரத்தில் ஒற்றினால் பெயிண்ட் உரிந்த மாதிரியே வரும். செங்கல்லை உரசிய பொடியைப் பட்ஸால் தடவினால் துரு. உத்தரகோசமங்கைப் பக்கம் அவன் அப்பாவின் வயலில் அள்ளி வந்த மண்ணைச் சலித்துச் சக்கரத்தில் அப்பினால் சேறு. எங்கே துரு பிடிக்கும் என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்தக் கடற்கரையில் கதவுக்கு அடியில், மட்கார்டு விளிம்பில், கண்ணாடி ரப்பரின் மூலையில்தான் உப்பு முதலில் வாய் வைக்கும்.

ஆனி மாதம் ஒருநாள், திருப்புல்லாணி மாலதி டீச்சர் ஸ்கூட்டிக்குப் பெயிண்ட் அடிக்க வந்தார். பட்டறை மேசையில் இருந்த, அவன் துரு வைத்த குட்டி லாரியைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, ஜீப்பு செய்வீகளா?"

விஷயம் அவருடைய அப்பா நாகநாதன். முப்பது வருஷம் சொந்த ஜீப் ஓட்டியவர். திருப்புல்லாணிக்கு வரும் யாத்திரைக்காரர்களைச் சேதுக்கரைக்கும் தேவிபட்டினத்துக்கும் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். வயசு எண்பதை நெருங்குகிறது. ஒரு வருஷமாக நினைவு தப்பித் தப்பி வருகிறது. சாயங்காலமானால், "ஜீப்ப எங்கன விட்டேன்?" என்று கேட்டுக்கொண்டே தேடக் கிளம்பிவிடுகிறார். ரெண்டு தடவை சேதுக்கரை ரோட்டிலிருந்து கூட்டிவந்தார்கள். மூன்றாவது தடவை கிழக்குக் கடற்கரைச் சாலையின் நட்டநடுவில் நின்றிருக்கிறார். லாரிக்காரன் பிரேக் போட்டதால் பிழைத்தார். இப்போது கேட்டைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அவர் அதைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்குகிறார்.

"வித்தாச்சுப்பான்னா, 'யாரக் கேட்டு வித்த'ன்னு அழுகுறாரு. மறுநா மறுபடி தேடுறாரு. அந்த ஜீப்பு சின்னதா வீட்டுல கண்ணு முன்னாடி இருந்தா தேட மாட்டாரோன்னு ஒரு நப்பாசைண்ணே."

செல்போனில் ஒரு படம் காட்டினார். ஜீப்பை விற்று ஒன்பது வருஷம். வாங்கியவர் கொஞ்சநாள் ஓட்டிவிட்டுக் கருவேல மரத்தடியில் போட்டுவிட்டார். அந்த வழியே போன மாலதி மனசு கேட்காமல் எடுத்த படம் அது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஆல்பம் ஆல்பமாகப் படம் இருக்கிற வீட்டில், சோறு போட்ட ஜீப்புக்கு அந்த ஒரு படம்தான் இருந்தது.

"இதுல உள்ளது உள்ளபடி செஞ்சு குடுங்க."

உள்ளது உள்ளபடி செய்வதற்கென்றே பிறந்தவன் மாதிரி காளிராஜ் உட்கார்ந்துவிட்டான். ஆன்லைனில் ஜீப் பெட்டி வரவழைத்து ஆறு வாரம் உழைத்தான். வெளிறிய பச்சை. பம்பரில் ஓடிய துரு. பானெட்டில் பறவை எச்சம்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் பொடி உதிராமல் இருக்க மேலே பளபளக்காத மேட் வார்னிஷ் ஒரு கோட் கொடுத்தான். இனித் தண்ணீரில் முக்கினாலும் ஒரு பொட்டுத் துரு போகாது. ஈஸ்வரியே வந்து பார்த்துவிட்டு, "தொட்டா கையில ஒட்டிரும்போல இருக்கு" என்றாள். அவளிடமிருந்து அது பெரிய பட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, செருப்புப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து ஜீப்பைத் திருப்புல்லாணிக்குக் கொண்டுபோனான். நாகநாதன் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். மாலதி அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். காளிராஜ் காலிப் பெட்டியோடு பக்கத்தில் நின்றான்.

பெரியவர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், அடியில் பார்த்தார். அவர் முகம் கோணியது.

"எவன்டா என் வண்டிய இப்படிப் போட்டது?"

மாலதி, "அப்பா..." என்றார்.

"தெனமும் கழுவாம நான் வண்டிய எடுத்ததுண்டா? கோயிலுக்குப் போற சனம் ஏறுற வண்டிடி இது. பானெட்டுல காக்கா பேண்டு கெடக்கு!"

தோளில் கிடந்த துண்டைச் சொம்புத் தண்ணீரில் நனைத்துத் துடைக்க ஆரம்பித்தார். கதவைத் துடைத்தார், பம்பரைத் துடைத்தார். போகவில்லை. அழுத்தித் துடைத்தார். காளிராஜின் வார்னிஷ் அவ்வளவு உத்தமமாக வேலை செய்தது. "போக மாட்டேங்குதே... போக மாட்டேங்குதே தாயி" என்று பெரியவர் விசும்பத் தொடங்கினார்.

காளிராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டி ஏன் உள்ளங்கை அளவு இருக்கிறது என்று இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. நிஜ ஜீப் என்று நினைக்கிறாரா, பொம்மை என்று தெரிந்துதான் அழுகிறாரா? தான் செய்தது உபகாரமா, பாவமா? படத்தில் இருந்தது நாகநாதன் கழுவி வைத்திருந்த ஜீப் இல்லை, வாங்கியவர் கைவிட்ட ஜீப். அது மட்டும் இப்போது உறைத்தது. உறைத்து என்ன செய்ய? மாலதி அவனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். பிறகு, இருபது வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய் தானாகச் சொன்னது:

"அய்யா, வண்டிய பட்டறையில விட்டுட்டுப் போங்க. புதுசாக்கித் தாரேன்."

துண்டு நின்றது. பெரியவர் நிமிர்ந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தப் பட்டறை?"

"ராம்நாடு பைபாஸ்ல, காளிராஜ் பட்டறைங்கய்யா."

"பட்டிய அப்பி ஏமாத்தக் கூடாது. துருவ முழுக்க எடுத்துட்டுத்தான் அடிக்கணும். கலரு இதே பச்சை."

"சரிங்கய்யா."

"எப்ப வரட்டும்?"

"புதன்கெழம."

"புதன்னா சனிம்பீக. உங்க ஆளுகளப் பத்தித் தெரியாதா எனக்கு" என்று சொல்லி, ஜீப்பை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தின்னர் பட்டால் பிளாஸ்டிக் போய்விடும் என்பதால், திங்கள், செவ்வாய் ரெண்டு காலையும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தான். ஆறு வாரத் துரு செந்தண்ணீராகக் கிண்ணத்தில் இறங்கியது. வலித்தது. பொய் சொல்ல என்ன இருக்கிறது, தன் கையாலேயே அழிப்பது கஷ்டமாக இருந்தது. புதன்கிழமை காலை புதுப் பச்சை அடித்ததும் ஜீப் ஷோரூமிலிருந்து வந்ததுபோல ஜன்னலோரம் மின்னியது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன நாளில் வேலையை முடித்திருந்தான். டீச்சருக்கு போன் போட்டான்.

"அண்ணே, கொண்டு வந்துராதீக!"

"ஏன் டீச்சர்?"

"மூணு நாளா அப்பா வாசக் கேட்டுப் பக்கமே போகலண்ணே. சாயங்காலமானா நாற்காலியில உக்காந்துக்கிட்டு, வாரவுக போறவுககிட்ட எல்லாம் 'வண்டி பட்டறையில நிக்குது'ன்னு சொல்றாரு. நல்லாத் தூங்குறாரு. வண்டி வந்துருச்சுன்னா ஓட்டணும்பாரு. நெச ஜீப்புக்கு நான் எங்க போவேன்?"

காளிராஜ் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜீப்பையே பார்த்தான். முடித்த வண்டியைக் கொடுக்கக் கூடாது என்றால் அதை எதற்கு முடித்தோம்? கொடுக்காமல் வைத்திருப்பது ஒரு கிழவரை ஏமாற்றுவதா இல்லையா? 

சனிக்கிழமை காலை பட்டறைக்குக் கிளம்புகிற நேரத்தில் மாலதி நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது பெரியவர்.

"தம்பி, வண்டி முடிஞ்சிருச்சா?"

முடியாத வண்டிகளை எல்லாம் முடிந்தது முடிந்தது என்று சொல்லியே காலத்தை ஓட்டியவனுக்கு, முடிந்த வண்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'முடிஞ்சிருச்சு' என்று வாயில் வரவில்லை.

"இன்னும் ஒரு கோட்டு பாக்கி இருக்குங்கய்யா."

திட்டப்போகிறார் என்று காளிராஜ் காத்திருந்தான்.

"அவசரமில்ல தம்பி. நல்லாக் காயவிட்டு அடிங்க. வண்டி உங்ககிட்டதான இருக்கு?"

"எங்கிட்டதாங்கய்யா இருக்கு" என்றான் காளிராஜ்.