பாறை வண்டிக்கு மாற்று ஆக்ஸில்

நெத்திலிக்குத் தலை கிள்ளும் வேலையை ஜவஹர் அலி தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். மனைவி ஹஃபீஸா கால் மணியில் முடித்துவிடும் அரைக் கிலோவுக்கு அவருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். சார்ஜாவில் கியர் பாக்ஸ் ஒன்று கைமேல் விழுந்து, வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போய், அவர் காரைக்காலுக்குத் திரும்பி ஏழு மாதமாகிறது. விரலுக்கு வேலை கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். அவர் நெத்திலியைப் பிடித்துக்கொண்டார். பாதி மீன்களுக்குத் தலை அப்படியே இருக்கும். ஹஃபீஸா அவற்றையும் சேர்த்தே குழம்பு வைப்பாள்.

இருபத்திரண்டு வருஷம் லாரி மெக்கானிக்காக இருந்தவர். சட்டைப் பித்தான் மாட்ட வரவில்லை என்று தெரிந்த வாரமே, தைக்க வந்த ஊரார் துணிகளோடு துணியாக ஹஃபீஸா அவருடைய சட்டைகளுக்கெல்லாம் பிரஸ் பட்டன் தைத்துவிட்டாள்.

துறைமுகத்துப் பக்கம் படகு இன்ஜின் பட்டறை வைத்திருக்கும் நூர் அகமது, கை சரியானால் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார். ஜவஹர் அலியின் அக்கா ஆஸியா பீவிக்கு வேறு எண்ணம். தன் வீட்டுக்காரரின் துணிக்கடையில் தம்பி சனிக்கிழமை முதல் உட்கார வேண்டும் என்று நின்றாள். அங்கே ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் இவர் பிறகு எழுந்திருக்க மாட்டார் என்று ஹஃபீஸாவுக்குத் தெரியும்.

அன்று வியாழன். மீனை அலசி வைத்துவிட்டு, ஜவஹர் அலி பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே ரிமோட்டில் ஓடும் வண்டி, அவரே பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. ஒரு முழ நீளம், தடித்த ரப்பர் சக்கரங்கள். வேகமாகப் போவதற்கில்லை, பாறைமேல் ஆமை மாதிரி ஏறுவதற்கு. சார்ஜாவில் வெள்ளிக்கிழமைகளில் கராஜ் கூட்டாளிகளோடு மலையடிவாரத்துக்குக் கொண்டுபோவாராம். இந்த ஊரில் மலை ஏது, சுனாமிக்குப் பிறகு கரையில் கொட்டிய பாறைகளைத் தவிர. சக்கரங்களைச் சுழற்றும் அதன் பிளாஸ்டிக் ஆக்ஸில்கள் உள்ளே பல் தேய்ந்து போயிருந்தன. கூட்டாளி நூகு, ஊர் வந்த ஒருவரிடம் அலுமினிய ஆக்ஸில் இரண்டு கொடுத்தனுப்பி நாலு மாதம்; உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆஸியா பீவி வந்து நின்றாள்.

"பேரப்புள்ள பொறக்குறதுக்கு முந்தியே பொம்மைய எடுத்துட்டியா தம்பி? மச்சானுக்கு என்ன சொல்லட்டும்?"

"அசர் தொழுதுட்டு வந்து சொல்றேன் லாத்தா" என்றார்.

கை ஆக்ஸிலை மாட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்லப்போகிறார் என்று ஹஃபீஸாவுக்குப் புரிந்துவிட்டது. தையல் மிஷினில் போய் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தாள். மிஷின் நின்றால் தன்னையே கவனிக்கிறாள் என்று அவருக்குத் தோன்றும்.

கேழ்வரகு அளவுதான் ஸ்க்ரூக்கள். ஒன்று மூன்று தரம் நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுக்க அவள் எழவில்லை. முன் ஆக்ஸில் ஏறியது. பின்பக்கத்துக்கு வண்டியைப் பிடித்துக்கொள்ள வலது கை வரவில்லை. கவிழ்த்துத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இடது கையால் ஆக்ஸிலைத் தாங்கி, வலது விரல்களால் திருகினார். நெற்றி வேர்வை பாயில் சொட்டியது.

மதியம் லுஹர் தொழுது வந்து பேட்டரியைச் செருகினார். வண்டி நகரவில்லை. முன்சக்கரங்கள் முன்னால் இழுக்க, பின்சக்கரங்கள் பின்னால் இழுக்க, பாயைச் சுருட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே உதறியது. ஹஃபீஸாவின் கால் மிதிப்பதை விட்டுவிட்டது. போயிற்று என்று நினைத்தாள்.

அவர் வண்டியை எடுத்து ஒவ்வொரு ஸ்க்ரூவாக அசைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார், இந்த ஏழு மாதத்தில் அவள் கேட்காத சிரிப்பு.

"ஒரு ஸ்க்ரூகூட லூசா இல்ல, ஹஃபீஸா. வண்டியக் கவுத்து வச்சுக்கிட்டு பின் ஆக்ஸில நிமித்தி மாட்டிருக்கேன்."

"மிஷின் பெல்ட்ட குறுக்கால போட்டா சக்கரம் பின்னால சுத்துமே, அந்த மாதிரியா?"

"அதேதான்."

"அதுக்கா சிரிக்கிறீங்க?"

"இது கை பண்ண தப்பு இல்ல புள்ள. கை நல்லா இருந்தப்பவும் இப்புடி எத்தன தரம் பண்ணிருக்கேன்."

கழற்றித் திருப்பி மாட்ட முதல் தடவையில் பாதி நேரம்கூட ஆகவில்லை. ஹஃபீஸா அடுப்படியிலிருந்து மட்டை உரிக்காத ஐந்தாறு தேங்காய்களைக் கொண்டுவந்து குவித்தாள். வண்டி அதன்மேல் ஏறியது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கியது, பின்சக்கரம் மட்டையைக் கவ்வியது, மெல்லத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்று அவள் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். குழம்பு இன்னும் அடுப்பேறவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது; வந்தும் அவள் அவசரப்படவில்லை.

அசர் தொழுகை முடிந்த கையோடு ஆஸியா பீவி மறுபடி வந்தாள். தரையில் உருண்டு கிடந்த தேங்காய்களைப் பார்த்தாள்.

"என்னப்பா, சனிக்கிழமை வர்றதானே? மச்சான் காத்துக்கிட்டு இருக்காங்க."

ஜவஹர் அலி கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே ஹஃபீஸாவிடம், நூர் அகமது பட்டறையை எத்தனை மணிக்குப் பூட்டுவார் என்று விசாரித்தார். ஆறு ஆகும் என்றாள் அவள்.

"ஒன்னத்தான் தம்பி கேக்குறேன்."

அவர் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தேங்காய்களைத் தாண்டி வெளியே போனார்.