ரேங்க் லிஸ்ட்டில் இல்லாத பெயர்

போன வெள்ளிக்கிழமை மாலை ஏழேகால். டிங்... என்று போன் ஒலித்தது. எனக்குக் கை நடுங்கியது.

சுகர் இல்லை. பி.பி. இல்லை. இருப்பது பிளஸ் டூ படிக்கும் ஒரே மகள், தர்ஷினி. அவளுடைய டியூஷனுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். வெள்ளிதோறும் கெமிஸ்ட்ரி, கணக்கு டெஸ்ட் மார்க்கை ரேங்க் போட்டு அதில் அனுப்பிவிடுவார் டியூஷன் சார். பெற்றோர் எல்லோரும் பார்க்கலாம். கைதட்டும் பொம்மை போடலாம். நான் இதுவரை மற்றவர்கள் பிள்ளைகளுக்குத்தான் கைதட்டியிருக்கிறேன்.

இந்த சாரை எப்படிப் பிடித்தேன் தெரியுமா? ராசிபுரத்தில் நாலு டியூஷன் வாசலுக்குப் போய், வெளியே கிடந்த செருப்புகளை எண்ணினேன். எங்கே அதிகமோ, அங்கே சேர்த்துவிட்டேன். சிரிக்காதீர்கள்... நீங்கள் மட்டும் என்ன, பாடம் நடத்துவதை உட்கார்ந்து கேட்டா சேர்த்தீர்கள்? எங்கள் பக்கம் பிளஸ் டூ பிள்ளை வைத்திருப்பவருக்கு நிதானம் ஏது? அவளுக்கு மார்க் குறையக் குறைய எனக்குச் சோறு இறங்கவில்லை.

லிஸ்ட் வந்ததும் கேட்டருகே போய் நின்றுகொள்வேன். அவள் சைக்கிளை விட்டு இறங்கும் முன்பே, “இருபத்தாறாவது ரேங்க்கா சாமி? எங்க மார்க்க உட்டே?” என்பேன். அதற்கு அக்கறை என்று பெயர் வைத்திருந்தேன்.

அன்றும் வழக்கம்போல் கீழேயிருந்து மேலே படித்தேன். பெயர் இல்லை. மேலேயிருந்து கீழே... இல்லை. சாருக்குப் போன் போட்டேன்.

“பாப்பா திங்கக்கெழமையிலருந்தே வரலீங்களே! காய்ச்சல்னு நீங்கதான லெட்டர் குடுத்துவுட்டீங்க?”

நான் எந்த லெட்டரும் எழுதவில்லை. ஆனால் “ஆமாங்க... ஆமாங்க” என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்த நேரத்திலும் குரூப்புக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று ஒரு பயம்!

தினமும் ஐந்தரைக்குச் சைக்கிளில் கிளம்புகிறாள். எட்டு மணிக்கு வருகிறாள். அப்படியானால் ஐந்து நாளாக எங்கே போகிறாள்? கூப்பிட்டுக் கேட்க அவளிடம் போன் கிடையாது. படிப்பு கெடும் என்று நான்தான் வாங்கித் தரவில்லை. மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பேப்பரில் படித்த கெட்ட செய்தியெல்லாம் வழிநெடுக ஞாபகம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன். ஒரு பெண்ணின் சடையைப் பார்த்து “தர்ஷினி!” என்று கத்திவிட்டேன். திரும்பியது வேறு முகம். மார்க் போனால் போகட்டும், பிள்ளை கிடைத்தால் போதும் என்று வாய்விட்டே சொன்னேன். ஏரிப் பக்கம் போய்ப் பார்க்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்கள்... அதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

கடைசியில், டியூஷனுக்கு இரண்டு தெரு முன்னால், ஒரு ஜெராக்ஸ் கடை ஓரத்தில் அவள் சைக்கிள் நின்றது.

உள்ளே பேப்பர் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். மடியில் கெமிஸ்ட்ரி நோட்டு. கடைக்காரப் பெண் ஸ்டேப்ளர் அடித்தபடி ஏதோ சொல்ல, என் மகள் சிரித்தாள். கெமிஸ்ட்ரி நோட்டோடு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நோட்டை மூடிவிட்டு எழுந்து நின்றாள்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அந்தப் பெண் பதறிப்போய் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

“உக்காருங்கண்ணா. நா எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சவங்க. நோட்ஸ் ஜெராக்ஸ் எடுக்க வந்த பாப்பா, ஒரு ஈக்குவேஷன் புரியலீன்னு நின்னுச்சு. சொல்லிக் குடுத்தேன். மறுநாளே வந்து உக்காந்துக்கிச்சு. கணக்கும் போட்டுப் பாக்குது. ஊட்ல சொல்லிட்டுத்தான் வாரேன்னுச்சுங்களே?”

நான் மகளைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

“படிக்க உக்காந்த மொத நாளு ஒண்ணே ஒண்ணுதானுங்க கேட்டுச்சு. ‘டெஸ்ட் வெச்சா, மார்க்க எங்கப்பாவுக்கு அனுப்புவீங்களாக்கா?’ன்னு. எனக்கெதுக்கு சாமி அதெல்லாம்னேன். அப்பறந்தா நோட்ட விரிச்சுச்சு.”

பஸ் ஸ்டாண்டில்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. பதினேழு வயதுப் பிள்ளை, என் கையெழுத்தைத் தானே போட்டு லெட்டர் கொடுத்துவிட்டு, அப்பன் கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் படிக்கப் போயிருக்கிறாள். அப்படியானால் என்னைக் கண்டு எவ்வளவு பயந்திருப்பாள்?

திரும்பும்போது அவள் சைக்கிளுக்குப் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டி வந்தேன்.

“அப்பா... திங்கக்கெழமை எங்க போறது?”

“அக்கா கடைக்கே போ சாமி.”

“டெஸ்ட் மார்க்கு?”

“நான் கேக்க மாட்டேன்.”

அவள் நம்பவில்லை. அவள் இடத்தில் நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அதனால், இந்த வாரம் முழுக்க சாயந்திரத்தில் அந்த ஜெராக்ஸ் கடை இருக்கும் தெரு வழியாக நான் வண்டி ஓட்டவில்லை... பால் வாங்கக்கூடச் சுற்றித்தான் போகிறேன்.